சாயங்காலம் பேசுகிறவன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவது உண்மைதானா என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஒருவன் சொன்னான். அவன் சொன்னதைப் பல வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். நம்பவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. செருப்புக்குள் போன கல் மாதிரி. நின்று உதறிவிட்டு நடந்தாலும் இருக்கிறது.

உட்காருங்கள். காந்திபுரம் பஸ் இப்போதைக்கு வராது. அந்த ஓரத்தில் வேண்டாம், காக்கை எச்சம். உங்கள் கையில் அந்த வழவழப்பான புத்தகத்தைப் பார்த்ததும் உள்ளேயிருந்துதான் வருகிறீர்கள் என்று தெரிந்துவிட்டது. அட்டையில் ஒரு பெரியவர் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார் இல்லையா? நான் வந்தபோதும் அவர்தான் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் இங்கே இருந்தவரே இல்லை. யாருக்காகப் பார்க்க வந்தீர்கள்? அம்மாவுக்கா. சரி.

நல்ல இடம்தான். அதை நான் மறுக்க மாட்டேன். மறதி வந்தவர்களைப் படுக்கையில் வரிசையாகப் போட்டு வைக்காமல், தெரு மாதிரி அமைத்து, வீடு வீடாகப் பிரித்துக் குடிவைத்திருக்கிறார்கள். சுத்தம். சாப்பாடு பரவாயில்லை. என் அப்பாவின் மேல் ஒரு புண் வந்ததில்லை. எல்லாம் சரி. ஆனால் நடைபாதையில் ஒரு கறுப்புத் தொலைபேசி இருக்குமே, டயல் சுழற்றுகிற பழைய மாடல், பார்த்தீர்களா? அதைப் பற்றி என்ன சொன்னார்கள்? ஒன்றும் சொல்லவில்லையா? சொல்ல மாட்டார்கள்.

அது அலங்காரத்துக்கு வைத்தது இல்லை. அது வேலை செய்யும். எந்த எண்ணைச் சுழற்றினாலும் முன் அலுவலகத்தில் மணி அடிக்கும். அங்கே ஒருவன் எடுப்பான். டென்சிங் என்று பெயர். நெற்றியில் சரிந்த முடி, பட்டையான மீசை. உங்களுக்கு டீ கொடுத்து உட்காரவைத்திருப்பானே, அவன்தான். குளச்சல் பக்கத்துக்காரன். மாதா கோயில் நாடகத்தில் வருஷாவருஷம் ஏரோது ராஜா வேஷம் கட்டுகிறவன். அதை அவனே பெருமையாகச் சொன்னான். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

என் அப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

அப்பா பெயர் பால்வண்ணன். அம்பாசமுத்திரத்தில் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இருக்கும். எங்கேயாவது கம்பி தொங்கினால் பந்தியிலிருந்து எழுந்து போய்ப் பார்ப்பார். எனக்குக் குற்றாலிங்கம் என்று அவர்தான் பெயர் வைத்தார். ஒரு நாளும் முழுசாகக் கூப்பிட்டதில்லை. ‘ஏலே குத்தாலம்.’ அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இருதயத்தில் வால்வு பழுது. அப்பா ஆபரேஷன் வேண்டாம் என்றார். “அவ பாட்டுக்கு இருக்கட்டும்ல. கத்திய வைக்காத” என்றார். நான் கேட்கவில்லை. கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். நான் இங்கே ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரி. பெரிய டாக்டர்களைத் தெரியும். அவர்கள் எல்லா ஆபத்தையும் சொன்னார்கள், மறைக்கவில்லை. நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷன் முடிந்து கண் விழிக்காமலே அம்மா போய்விட்டாள். யார் மேலும் தப்பு இல்லை. நான் எல்லாக் காகிதங்களையும் வாங்கி வேறு இரண்டு டாக்டர்களிடம் காட்டினேன். யார் மேலும் தப்பு இல்லை என்றுதான் சொன்னார்கள்.

அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில், சொந்தக்காரர்கள் எல்லாரும் நிற்கும்போது, என் முகத்தைப் பார்த்து, “கொன்னுட்டியேல” என்றார்.

ஒரு தடவைதான் சொன்னார். அதற்குப் பிறகு என் வீட்டிலேயே இருந்தார், என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. ஆறிவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு மறதி வந்தது. முதலில் சாவி, அப்புறம் தெரு, அப்புறம் பேரன் பெயர். ஒரு நாள் காலையில் காபியைக் குடித்துவிட்டு, “உங்கம்மைய எங்கல? விடிஞ்சதுலேருந்து காணும்” என்றார்.

நான் என்ன சொல்ல வேண்டும்? நீங்கள் சொல்லுங்கள். பெற்ற தகப்பனிடம் பொய் சொல்ல வேண்டுமா? “அம்மா இறந்துட்டாங்கப்பா” என்றேன். அவர் அப்படியே நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “எப்பம்?” என்றார். சொன்னேன். “எப்படி?” ஆபரேஷனுக்குப் பிறகு என்றேன். “எவன் ஆபரேஷன் பண்ணச் சொன்னான்?” நான்தாம்ப்பா என்றேன்.

“கொன்னுட்டியேல.”

மறுநாள் காலையில் காபி. மறுபடி, “உங்கம்மைய எங்கல?”

தினமும். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுசு. அன்றைக்குத்தான் செத்த மாதிரி அழுவார். ஒவ்வொரு தடவையும் நான் உண்மையைத்தான் சொன்னேன். ஒரு நாளும் தப்பவில்லை. என் தொழிலே அது. லாரி எரிந்துபோச்சு என்பான் ஒருவன். எரிந்ததா, எரித்தானா என்று போய்ப் பார்க்கிறவன் நான். எவ்வளவு வசதியாக இருந்தாலும் பொய்யை எழுத மாட்டேன்.

என் மனைவி அப்படி இல்லை. நான் இல்லாத நேரத்தில் கேட்டால், “அத்தை கடையத்துக்குப் போயிருக்காங்க மாமா, சாயங்கால பஸ்ல வந்திருவாங்க” என்பாள். அவர் உடனே, “அப்படியா? கொட கொண்டு போயிருக்காளா?” என்று கேட்டுவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வார். ஒரு நாள் நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டேன். அவளைக் கண்டித்தேன். வீட்டில் பொய் பழகக் கூடாது என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “நான் பொய் சொல்றேன், சரி. நீங்க தினமும் அந்த மனுசனுக்குக் கருமாதி நடத்துறீங்க” என்றாள்.

அது வேறு விஷயம். அதற்காக அவரை இங்கே கொண்டுவந்து விடவில்லை. அடுப்பைத் திறந்து விட்டுவிடுகிறார், மெயின் ஸ்விட்சைக் கழற்றுகிறார், தெருவில் இறங்கிப் போகிறார். அதனால்தான். சேர்க்கும்போது கேட்டவர்களிடமும் இதைத்தான் சொன்னேன்.

சேர்க்கிற அன்றைக்கு ஒரு நாள் முழுக்க உட்காரவைத்து அவருடைய கதையைக் கேட்டார்கள். எந்த ஊர், என்ன வேலை, யாரை எப்படிக் கூப்பிடுவார், எதற்குப் பயப்படுவார், எதற்குச் சிரிப்பார். நிர்வாகி வசுமதி என்று ஒரு டாக்டரம்மா. அவர் கேட்டார், டென்சிங் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தான். நான் ஏதேதோ சொன்னேன். என்னென்ன சொன்னேன் என்று இப்போது எனக்கு ஞாபகம் இல்லை. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

மாதத்துக்கு ஒரு தடவை வருவேன். வேலை இருந்தால் ஒரு மாதம் விட்டுப்போகும். வந்தால் அப்பா எழுந்து நின்று கும்பிடுவார். “வாங்க சார். டிவிஷன் ஆபீஸ்லேருந்து வாரியளா?” என்பார். என்னைக் கூட்டிக்கொண்டுபோய் ஸ்விட்ச் போர்டைக் காட்டி, “இந்த லோடு தாங்காது சார். எழுதிப் போட்டாச்சு, மேல எவனும் பாக்க மாட்டேங்கான்” என்பார். நான் அவருடைய மேலதிகாரி. நானும் அந்த போர்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஆப்பிளைக் கொடுத்துவிட்டு வருவேன். பெற்ற தகப்பன் சார் என்று கூப்பிடுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. உங்கள் அம்மாவுக்கு இப்போதைக்கு உங்களை அடையாளம் தெரிகிறது இல்லையா? சந்தோஷம்.

ஒரு தடவை நேரம் கழித்து வந்தேன். விளக்கு வைக்கிற நேரம். முன் அலுவலகத்தில் டென்சிங் ஒரு கையால் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என்னை உட்காரச் சொன்னான். பேசிக்கொண்டிருந்தான்.

“ஆமாப்பா, இப்பம்தான் கஞ்சி குடுத்தேன். குடிச்சிட்டாவ. இல்ல இல்ல, சூடு ஆத்தித்தான் குடுத்தேன்… டாக்டர் நாளைக்கு வந்து பாத்திட்டு வீட்டுக்கு விட்டிருவேன்னு சொல்லுதாரு… நீங்க வர வேண்டாம்ப்பா, அலையாதிய. நான் இருக்கேம்லா.”

ஊர்க்காரன் குரல். எங்கள் பக்கத்துப் பேச்சு. எனக்கே ஒரு கணம் யாரோ சொந்தக்காரன் பேசுகிற மாதிரி இருந்தது. நான் கோயம்புத்தூரில் முப்பது வருஷம் இருந்து அந்தப் பேச்செல்லாம் உதிர்ந்துபோனவன். அவன் இன்னும் பேசிக்கொண்டே இருந்தான். “கொடைய ஆஸ்பத்திரியிலயே வச்சிருக்காவப்பா, தொலைக்கல.”

குடை.

“யார்கிட்ட பேசறீங்க?” என்றேன்.

ரிசீவரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, “உங்கப்பாட்டதான் சார்” என்றான். கூச்சமே இல்லை. திருடினவன் முகம் எனக்குத் தெரியும். அது இல்லை அவன் முகத்தில். “விளக்கு வைக்கிற நேரம் ஆச்சுன்னா சட்டையைப் போட்டுட்டு கேட்ல வந்து நின்னுகிடுவாரு. ஆஸ்பத்திரியில விசிட்டிங் டைம், பொண்டாட்டியப் பாக்கணும்னு ஒரே கரைச்சல். இங்க எல்லாம் கோயம்புத்தூர்ப் பேச்சு, எவன் சொன்னாலும் கேக்க மாட்டாரு. நான் பேசுனா அடங்கிருவாரு பாத்துக்கிடுங்க. நாலஞ்சு மாசமா நான்தான் நீங்க.”

நான்தான் நீங்க. அப்படியேதான் சொன்னான்.

அது அவனுக்குத் தொழில். ஒரு அம்மாவுக்கு அவன் பால்காரன். ரிட்டயர்டு ஜட்ஜ் ஒருவருக்கு டவாலி. ஏரோது ராஜா எல்லார் வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தான்.

“குடுங்க. நான் பேசறேன்” என்றேன். சந்தோஷமாகக் கொடுத்தான்.

“அப்பா, நான் குற்றாலிங்கம் பேசறேன்.”

அந்தப் பக்கத்திலிருந்து, “யாரு?”

“நான்தாம்ப்பா. உங்க பையன்.”

“எம்மவன் இவ்வளவு நேரம் பேசிக்கிட்டுல்லா இருந்தான். நீரு யாரு நடுவுல? அவன்கிட்ட குடும்.”

“அப்பா, அவன் இல்ல, நான்தான்…”

“ஃபோன அவன்கிட்ட குடும்யா!”

டென்சிங் கையை நீட்டினான். கொடுத்துவிட்டேன். அவன் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டே, “ஒண்ணுமில்லப்பா. வேற லைன் குறுக்க வந்திட்டு” என்றான்.

அப்பா சிரிக்கிற சத்தம் ரிசீவரிலிருந்து எனக்குக் கேட்டது. லைன் இன்ஸ்பெக்டர் இல்லையா. குறுக்கே வந்த லைன் என்றால் அவருக்குப் புரியும்.

அன்றைக்கு நான் அப்பாவைப் பார்க்க உள்ளே போகவில்லை. எப்படிப் போவது? ஆப்பிளை மேஜையிலேயே வைத்துவிட்டு நேராக வசுமதி அறைக்குப் போனேன்.

“மேடம், ஒருத்தன் என் பேர்ல பேசிட்டிருக்கான். இது மோசடி” என்றேன்.

அவர் நிதானமாகத்தான் பேசினார். “சார், நீங்க சொல்ற உண்மை அவர் தலையில அஞ்சு நிமிஷம் நிக்காது. அழுகை மட்டும் அன்னிக்கு முழுக்க நிக்கும். நாங்க என்ன செய்யட்டும்?”

“என்ன வேணா செய்யுங்க. என் பேர்ல செய்யாதீங்க. இன்னிக்குப் பேசறவன் நாளைக்குக் கையெழுத்தும் போடுவான்.”

“அப்ப நீங்களே கூப்பிடுங்களேன். சாயங்காலம் ஒரு அஞ்சு நிமிஷம். டென்சிங் சொல்லித் தருவார், எப்படிப் பேசணும்னு.”

கேட்டீர்களா? என் அப்பாவிடம் நான் எப்படிப் பேச வேண்டும் என்று குளச்சல்காரன் எனக்குச் சொல்லித் தருவானாம். எனக்கு அந்த நேரத்தில்தான் அலுவலகத்தில் ரிப்போர்ட் முடிக்கிற வேலை இருக்கும். அது ஒரு பக்கம். அவர் என்னை யார் நீர் என்று கேட்ட பிறகு நான் எதற்குக் கூப்பிட வேண்டும்? நீங்களாக இருந்தால் கூப்பிடுவீர்களா? யோசித்துச் சொல்லுங்கள். அவசரம் இல்லை.

நிறுத்திவிட்டார்கள். நான் பிடிவாதமாகச் சொன்னதால் நிறுத்திவிட்டார்கள். அப்பாவின் போன் வந்தால் டென்சிங் எடுக்கக் கூடாது, வேறு யாராவது எடுத்து ‘ரிசப்ஷன்’ என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அடுத்த தடவை வந்தபோது பராமரிக்கிற பெண்ணிடம் கேட்டேன், ஏதாவது ரகளை பண்ணினாரா என்று. இல்லை என்றாள். போனைச் சுழற்றுவாராம். எடுப்பவர் குரலைக் கேட்டதும், “எம்மவன் வேலையில இருப்பான், பெறகு கூப்பிடுதேன்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாராம். அப்புறம் போன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாராம். பாருங்கள். சத்தம் இல்லை, அழுகை இல்லை. அவர்கள் பயமுறுத்திய மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. நான் சொன்னதுதான் சரி.

நானும் இரண்டு தடவை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் கூப்பிடவே இல்லை என்று நினைப்பீர்கள். சாயங்காலம்தான் கூப்பிட்டேன். எடுத்த பெண், நடைபாதை லைனுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “பிஸியா இருக்கு சார்” என்றாள். இரண்டு தடவையும் பிஸி. அப்போது அதைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. ஒரு வேலை குறைந்தது என்று வைத்துவிட்டேன்.

அந்த ஐப்பசி மழையில் அப்பா போய்விட்டார். காய்ச்சல், அது நெஞ்சில் இறங்கிவிட்டது. வயதானவர்களுக்கு மழைக்காலம் ஆகாது. போனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வசுமதியிடம் நேராகவே கேட்டேன். சம்பந்தம் இல்லை சார் என்றார். மறுபடியும் கேட்டேன். இல்லை சார் என்றார். மூன்றாவது தடவை கேட்டபோது பதில் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் இரண்டு பதில்களைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

காரியம் எல்லாம் முடிந்து அவருடைய சாமான்களை வாங்கிப் போக வந்தேன். வேட்டிகள், கண்ணாடி, டெஸ்டர். ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தான் டென்சிங். கொடுத்துவிட்டுப் பையை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

“சார், ஒண்ணு சொல்லட்டா? கோவப்படக் கூடாது.”

“சொல்லுங்க.”

“ஒரு நா உங்கப்பா பேசும்போ, தெளிவா இருந்தாரு. நான் எப்பவும்போல அம்மைக்குக் கஞ்சி குடுத்தாச்சுன்னு சொல்லுதேன். ‘ம்’னு கேட்டுக்கிட்டாரு. பெறகு, ‘ஏலே, உங்கம்ம போயிட்டால்லா?’ன்னு கேட்டாரு. நான் வாயத் தெறக்கதுக்குள்ள அவரே சொன்னாரு. ‘நான் வேண்டாம்னு சொன்னேன். நீ கேக்கல. லிஃப்டுல ஏறப் பயந்தா. நீதாம்ல கையப் புடிச்சு ஏத்திக் கூட்டிட்டுப் போன. அவ உன் கைய விடவே இல்ல, நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். சரி, விடு. நீ சாப்பிட்டியா?’ன்னு கேட்டாரு. அவ்வளவுதான் சார். உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு.”

அவ்வளவுதான். இதுதான் அவன் சொன்னது. இதைத்தான் இத்தனை வருஷமாக வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

நான் உடனே கேட்டேன். “எப்ப சொன்னார் இதை?”

அவன் வசுமதி அறைக் கதவைப் பார்த்தான். பிறகு, “அது… முன்னாடியே சார். நீங்க நிறுத்தச் சொன்னதுக்கு முன்னாடி” என்றான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “போதும், இதோட விடுங்க. மாமா மனசு ஆறித்தான் போயிருக்காங்க” என்றாள். அவளுக்குச் சுலபம். எனக்கு அப்படி இல்லை. நான் விசாரிக்கிறவன்.

யோசித்துப் பாருங்கள். இதைச் சொன்னவன் யார்? பிறருக்கு இதமான பொய்களைச் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன். செத்துப்போனவளுக்குக் கஞ்சி கொடுத்தேன் என்று சொன்னவன். ஜட்ஜுக்கு டவாலி, ஒரு அம்மாவுக்குப் பால்காரன், என் அப்பாவுக்கு மகன். பை வாங்க வந்து நிற்கிற மகனைப் பார்த்தால் அவனுக்கு என்ன தோன்றும்? இவனுக்கும் ஒன்று சொல்லி அனுப்புவோம் என்று தோன்றியிருக்காதா? நானும் அவனுக்கு ஒரு நோயாளியாகத் தெரிந்திருக்கலாம்.

சரி, அப்படியென்றால் லிஃப்ட்? அம்மா லிஃப்டில் ஏறப் பயந்ததும் நான் கையைப் பிடித்ததும் உண்மை. அது எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். அம்மா இல்லை. அப்பா சொல்லாமல் அவனுக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் மாட்டிக்கொள்கிறேன். சேர்க்கிற அன்றைக்கு ஒரு நாள் முழுக்கக் கதை சொன்னேன் என்றேன் இல்லையா, அப்போது இதையும் சொன்னேனா? சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். எத்தனையோ தடவை உட்கார்ந்து யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்த அறை ஞாபகம் இருக்கிறது, மேஜையில் இருந்த பிஸ்கட் ஞாபகம் இருக்கிறது. என் வாயிலிருந்து வந்தது ஞாபகம் இல்லை. மற்றவன் சாட்சி சொன்னால் நோண்டி எடுத்துவிடுவேன். என் சாட்சியே எனக்கு இல்லை.

பொய்க் கதை எப்போதும் ஒழுங்காக இருக்கும். என் அனுபவம் அது. ‘நான் உன்னை மன்னிச்சிட்டேன்’ என்று அப்பா சொன்னதாக அவன் சொல்லியிருந்தால் அங்கேயே பையைப் பிடுங்கிக்கொண்டு வந்திருப்பேன். அப்பா அந்த வார்த்தையை வாழ்நாளில் சொன்னவர் இல்லை. ஆனால் ‘சரி, விடு. நீ சாப்பிட்டியா?’ அது அவர்தான். பரீட்சையில் தோற்றுவிட்டு வந்தபோதும் அதேதான் சொன்னார். வேலை கிடைக்காமல் திரும்பி வந்தபோதும் அதேதான். டென்சிங் நடிகன்தான். ஆனால் இதையுமா நடிக்க முடியும்? நாலைந்து மாதம் ஒருவர் குரலைத் தினமும் கேட்டவனுக்கு முடியும் என்றும் தோன்றுகிறது.

அப்புறம் அந்த பிஸி லைன். அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. நான் கூப்பிட்ட இரண்டு சாயங்காலமும் நடைபாதை போன் பிஸி. யாரோடு? அது வெளியே போகாத போன். முன் அலுவலகத்துக்கு மட்டும்தான் போகும். நான் தடை போட்ட பிறகு அப்பா அவ்வளவு நேரம் யாரோடு பேசிக்கொண்டிருந்தார்? வேறு யாராவது எடுத்துப் பேசியிருக்கலாம். ரிசீவர் சரியாக வைக்கப்படாமல் இருந்திருக்கலாம். இல்லை, டென்சிங் என் பேச்சைக் காற்றில் விட்டுவிட்டுக் கடைசி வரைக்கும் பேசிக்கொண்டே இருந்திருக்கலாம். அப்படி இருந்தால் அது பெரிய ஒழுங்கீனம். நான் வசுமதியிடம் புகார் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். சில சமயம் ராத்திரி புரண்டு படுக்கும்போது, அவன் அந்த ஒழுங்கீனத்தைச் செய்திருந்தால் தேவலை என்று நினைத்திருக்கிறேன். விடிந்ததும் அப்படி நினைத்ததற்காக எரிச்சல் வரும். ஏனென்றால் அப்படியானால் கடைசி வரைக்கும் அப்பாவுக்கு மகன் இருந்தான். அது நான் இல்லை.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் டென்சிங் வாட்ஸப்பில் வாழ்த்து அனுப்புவான். தொழுவம், நட்சத்திரம், பொம்மை ஆடு. நான் ஒரு தடவையும் பதில் போட்டதில்லை. இந்தத் தடவை வாழ்த்தோடு இன்னொரு வரியும் இருந்தது. வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறானாம், வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லையாம். சாட்சி ஊரைவிட்டுப் போகிறான். இனி எங்கே போய்க் கேட்பது?

அதனால்தான் இன்றைக்கு வந்தேன். நீங்கள் உள்ளே தெருவையும் வீடுகளையும் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் அவன் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மீசைக்குக்கூட மை போட்டிருக்கிறான், கவனித்தீர்களா? என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க சார், வாங்க. நல்லா இருக்கியளா? மெலிஞ்சிட்டியள” என்றான். ஒரு வருத்தமும் இல்லை, இத்தனை வருஷம் பதில் போடாததற்கு. டீ கொண்டுவரச் சொன்னான்.

பஸ்ஸில் வரும்போதே கேள்வியைத் தயார் செய்துவைத்திருந்தேன். ‘டென்சிங், உண்மையைச் சொல்லுங்க. அப்பா அதைச் சொன்னாரா, இல்லையா?’ ஒரே கேள்வி. நேரடியான கேள்வி. எத்தனையோ பேரை அப்படிக் கேட்டு மடக்கியிருக்கிறேன்.

வாயைத் திறக்கப் போனேன். மணி அடித்தது. அந்த மணிதான். அவன் என்னிடம் ஒரு விரலைக் காட்டிவிட்டு எடுத்தான்.

“ஆமாங்கம்மா… பால் காச்சியாச்சுங்க… இல்லீங்க, தண்ணி ஊத்தலீங்க, உங்களுக்கு ஊத்துவனா?”

இப்போது சுத்தமான கோயம்புத்தூர்க்காரன். அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். இவனும் சிரித்தான். நிஜமாகவே சிரித்தான். அந்த அம்மா அங்கே நடைபாதையில் நின்றுகொண்டு, பால் கிடைத்துவிட்ட நிம்மதியோடு ரிசீவரை வைத்திருப்பாள்.

அவன் என் பக்கம் திரும்பினான். “சொல்லுங்க சார். ஏதோ கேக்க வந்தியளே.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவன் ‘ஆமாம், சொன்னார்’ என்றால் என்ன செய்வேன்? பால் காய்ச்சியாச்சு என்று சொன்ன அதே வாய். ‘இல்லை சார், உங்களுக்காகச் சொன்னேன்’ என்றால்? அதையும் எப்படி நம்புவது? என் முகத்தில் அவனுக்கு எது தெரிகிறதோ, எது எனக்குத் தேவை என்று அவனுக்குத் தோன்றுகிறதோ, அதைத்தான் சொல்வான். இத்தனை வருஷமாகச் சாணை பிடித்து வைத்திருந்த கேள்வி ஒன்றுக்கும் உதவாத கேள்வி.

நான் எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பையைக்கூடத் தோளில் மாட்டிவிட்டேன். அவன் மறுபடி, “என்ன சார்?” என்றான். அந்தக் குரலில், எங்கள் ஊர்ப் பேச்சில்.

நான் யோசிக்காத ஒன்று என் வாயிலிருந்து வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றாதது. என் குரல் மாதிரியே இல்லை. கேட்டேன்:

“டென்சிங், அப்பா ‘நீ சாப்பிட்டியா’ன்னு கேட்டாரே… அதுக்கு நான் என்ன சொன்னேன்?”